வைத்தியம் பார்த்த நானே கோர்ட்டுக்கு அறிக்கை எழுதலாமா? (தலைக்காய வழக்கு, கொஞ்சம் அவசரம்)

நிலா_உளவியல்
(முதல் பதிலுக்குப் பிறகு திருத்தப்பட்டது)

வணக்கம். மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்து மூன்று வருடம் ஆகிறது. தலைக்காயம் பட்டவர்களுக்கு நினைவாற்றல், கவனப் பயிற்சி கொடுக்கும் வேலை. கோர்ட் வாசலை இதுவரை மிதித்ததில்லை, இப்போது மிதிக்க வேண்டி வந்திருக்கிறது.

ஒருவர் சில மாதங்களாக என்னிடம் வருகிறார். சாலை விபத்து. கைவேலை பார்த்தவர், அதிகம் படிக்காதவர். வாரம் ஒரு நாள் மனைவியோடு வருவார். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடக்கிறது. போன வாரம் அவர்களுடைய வக்கீல் ஃபோன் செய்து, "மேடம், நீங்கதான் இவ்வளவு நாளா பாக்குறீங்க, உங்களைவிட யாருக்குத் தெரியும், ஒரு டெஸ்ட் எடுத்து இத்தனை சதவீதம்னு போட்டுக் கொடுங்க, நம்பர் இல்லாம ஒண்ணும் நடக்காது" என்றார். நானும் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டு, நிம்ஹான்ஸ் பேட்டரியை (பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மூளைத்திறன் சோதனைத் தொகுப்பு) இரண்டு நாளாகப் பிரித்து எடுத்தேன். கூடவே, ஒருவர் உண்மையாக முயன்று பதில் சொல்கிறாரா என்று பார்க்கும் சோதனை ஒன்றையும் வைத்தேன்.

அதில்தான் சிக்கல். மிக மோசமான மதிப்பெண். கடுமையான மறதி உள்ளவர்களே பெரும்பாலும் தாண்டிவிடும் சோதனை அது. அன்று சோதனை முடிந்து கதவு வரை போனவர் திரும்பி வந்து, "மேடம், காலைல குடையை அந்த பீரோவுக்குப் பின்னாடி சாத்தி வெச்சேன், எடுத்துக்கிறேன்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்த அம்மா மாவு அரைத்து விற்றுத்தான் குடும்பத்தை ஓட்டுகிறார். இந்த மதிப்பெண்ணை எழுதினால் இழப்பீடு போய்விடும், எழுதாமல் விட்டால் அது பொய். என்ன செய்யட்டும்?

ராஜாராம்_ஓய்வு

நிலா, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் உங்கள் பதிவைத் திருத்துங்கள். எந்த ஊர், எந்தப் பட்டறை, எந்த மாதம் விபத்து, எத்தனையாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் படித்தால் யாரென்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஆலோசனை கேட்பது தப்பே இல்லை, கேட்கத்தான் வேண்டும், ஆனால் ஆளை அடையாளம் காட்டாமல் கேளுங்கள்.

சரி, இப்போது விஷயம். இருபத்தெட்டு வருடம் அரசு மருத்துவமனையில் இந்த வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சோதனை மதிப்பெண் வருவதற்கு முன்பே தப்பு நடந்துவிட்டது. வக்கீலுக்குச் சரி என்று சொன்ன அந்த நிமிடம்தான் தப்பு. உங்கள் மேல் பழி போடவில்லை, நானும் 90களில் இதையே இரண்டு தடவை செய்திருக்கிறேன்.

வைத்தியம் பார்ப்பவர் நோயாளியின் பக்கம் நிற்பவர். அவர் "தலை கனமா இருக்கு, எதுவும் நெனப்புல நிக்கல" என்று சொன்னால் அதை நம்பித்தான் நாம் வேலையைத் தொடங்குகிறோம், நம்பாவிட்டால் பயிற்சியே நடக்காது. கோர்ட்டுக்கு மதிப்பீடு செய்பவர் அப்படி நம்ப முடியாது. அவர் சொல்வது, மனைவி சொல்வது, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், பழைய வேலை இடத்துக்காரர் சொல்வது என்று எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு நாற்காலியிலும் உட்கார முடியாது. உட்கார்ந்தால் முதலில் வைத்தியம் கெடும், அப்புறம் சாட்சியமும் கெடும். அமெரிக்க உளவியல் சங்கம் 2011இல் ஏற்றுக்கொண்ட தடயவியல் உளவியல் (கோர்ட் வேலைக்கான உளவியல்) வழிகாட்டியும் இந்த இரட்டை வேடத்தைத் தவிர்க்கத்தான் சொல்கிறது. நம் ஊரில் அந்த அளவுக்கு விரிவாக எழுதிவைத்த வழிகாட்டி கைக்கு எட்டும் தூரத்தில் இல்லாததால் நாமாகத்தான் கோடு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குடை பற்றி நாளை எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

வக்கீல்_சுந்தரம்

நான் வழக்கறிஞர், இந்தத் தீர்ப்பாயங்களில்தான் பெரும்பாலும் ஆஜராகிறேன், பாதிக்கப்பட்டவர் பக்கம். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன்.

சதவீதம் ஏன் கேட்கிறோம் என்றால் கணக்கு அப்படி. உச்ச நீதிமன்றத்தின் 2009 சர்லா வர்மா தீர்ப்புக்குப் பிறகு வயதுக்கு ஒரு பெருக்கு எண் உண்டு. 38 வயதுக்காரர், மாதம் 15,000 சம்பாதித்தவர் என்று வையுங்கள். வருடத்துக்கு 1,80,000, பெருக்கு எண் 15, மொத்தம் 27 லட்சம். வருமான இழப்பு எத்தனை சதவீதம் என்று நீதிபதி முடிவு செய்கிறாரோ அதுதான் கிடைக்கும். ஒவ்வொரு பத்து சதவீதமும் 2,70,000 ரூபாய். (எதிர்கால வருமான உயர்வு, மருத்துவச் செலவெல்லாம் தனி, அதை விடுங்கள்.) அதனால்தான் எங்கள் ஆட்கள் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

ஆனால் நிலா மேடத்துக்கு ஃபோன் செய்த அந்த வக்கீல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பை ஒரு தடவை ஒழுங்காகப் படித்திருக்கலாம், எஸ்.சி.சி. என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பில், 2011 முதல் தொகுதியில் இருக்கிறது. உடல் ஊனத்தின் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பின் சதவீதம் வேறு என்று உச்ச நீதிமன்றம் அதில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இடது கை போன ஒருவர் தச்சராகவோ டிரைவராகவோ இருந்தால் ஏறக்குறைய முழு இழப்பு, அதே ஆள் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தால் வேலையே போகாமல் இருக்கலாம். டாக்டர் சொல்ல வேண்டியது ஊனத்தை, வருமான இழப்பைக் கணக்குப் போடுவது தீர்ப்பாயத்தின் வேலை. சிகிச்சை கொடுக்காமலே ரெடிமேடாக ஊனச் சான்று கொடுக்கும் டாக்டர்களைப் பற்றி எச்சரிக்கையாக இருக்கவும் அதே தீர்ப்பு சொல்கிறது.

இங்கேதான் எனக்கு ராஜாராம் சாரிடம் ஒரு கேள்வி. சிகிச்சை கொடுத்தவர் சாட்சி சொன்னால்தான் கோர்ட் மதிக்கிறது. நீங்களோ சிகிச்சை கொடுத்தவர் மதிப்பீடு செய்யக் கூடாது என்கிறீர்கள். நாங்கள் எந்தப் பக்கம் போவது?

ராஜாராம்_ஓய்வு

நல்ல கேள்வி சார். இரண்டும் மோதவில்லை. சிகிச்சை கொடுத்தவர் தாராளமாகச் சாட்சி சொல்லலாம், தான் கண்டதைச் சொல்லலாம். "இந்தத் தேதியில் வந்தார், இந்தப் புகார்கள் சொன்னார், இந்தப் பயிற்சி கொடுத்தேன், ஐந்து பொருள் வாங்கச் சொல்லிக் கடைக்கு அனுப்பினால் முதல் மாதம் இரண்டு வாங்கி வந்தார், இப்போது நான்கு வாங்கி வருகிறார்." இது கண்ட சாட்சி. "இந்த விபத்தால்தான் இந்தக் குறை, இது நிரந்தரம், இத்தனை சதவீதம்" என்பது நிபுணர் கருத்து. பழைய சாட்சியச் சட்டத்தில் 45ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 39. அந்தக் கருத்தைச் சொல்ல அவருக்கு வைத்தியம் பார்க்காத ஒருவர் வேண்டும், முடிந்தால் மருத்துவக் குழுவோ அரசு நிறுவனமோ. தீர்ப்பு எச்சரிப்பது முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சான்று கொடுப்பவரைப் பற்றி. ஆறு மணி நேரம் உட்கார்ந்து சோதித்து, பழைய ஆவணமெல்லாம் படித்து எழுதும் ஒருவரை அந்த வரிசையில் சேர்க்க முடியாது.

இப்போது குடை.

நிலா, உங்களுக்கு வயிற்றைப் பிசைந்ததன் காரணம் எனக்குப் புரிகிறது, ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்திருக்கும். ஆனால் குடை எதையும் நிரூபிக்கவில்லை. தானே நடந்து போய், தன் கையால், தனக்கு வேண்டிய ஒரு பொருளை ஓர் இடத்தில் வைத்ததை நினைவில் வைப்பதும், ஒருவர் வரிசையாக வாசிக்கும் பதினைந்து சொற்களைக் கேட்டு அரை மணி நேரம் கழித்துச் சொல்வதும் ஒன்றல்ல. குடையைக் குறிப்பில் எழுதி வையுங்கள், நேரத்தோடு எழுதுங்கள். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அந்தச் சோதனை மதிப்பெண்ணும் அப்படித்தான். அதில் தவறினால் "இவர் பொய் சொல்கிறார்" என்று அர்த்தமில்லை. "அன்றைய மதிப்பெண்களை வைத்து இவருடைய மூளைத்திறன் இவ்வளவுதான் என்று சொல்ல முடியாது" என்றுதான் அர்த்தம். வலியோடு வந்திருக்கலாம், ராத்திரி தூங்காமல் வந்திருக்கலாம், வலிப்பு மாத்திரையின் மந்தம், மனச்சோர்வு, சோதனை என்ன கேட்கிறது என்பதே புரியாமல் போயிருக்கலாம். "மோசமா செஞ்சாத்தான் கேஸ் நிக்கும்" என்று யாராவது காதில் போட்டும் இருக்கலாம். இதில் எது என்று அந்த எண் சொல்லாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சோதனைகளில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக வரும், அதற்கும் வெகுவாகக் கீழே போனால் மட்டும் கதை வேறு, சரியான பதில் தெரிந்து அதை விலக்கியிருக்கிறார் என்று அங்கே சொல்ல இடமுண்டு. உங்களுடையது அப்படியா என்று நான் கேட்கவில்லை, இங்கே எழுதவும் வேண்டாம்.

இளமதி

நான் எம்.ஃபில். முதல் வருடம். சார், அது எந்தச் சோதனை, எத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் தவறியதாகக் கணக்கு என்று சொன்னால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

ராஜாராம்_ஓய்வு

இளமதி, கேட்டதில் தப்பில்லை, ஆனால் இங்கே சொல்ல மாட்டேன். உங்கள் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள், கையேட்டிலேயே இருக்கிறது. இந்த இழையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நாளை ஒருவர் தேடிப் பார்த்துத் தயாராகிப் போனால் அந்தச் சோதனை செத்துவிடும், உண்மையிலேயே அடிபட்டவருக்கும் அதனால் பயனில்லாமல் போய்விடும். புதிதாக ஒன்றைச் செய்து, நம் மக்களிடம் சோதித்து, கைக்குக் கொண்டுவர எத்தனை வருடம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வக்கீல்_சுந்தரம்

அப்படியென்றால் இதையும் கேட்டுவிடுகிறேன். கட்சிக்காரரைச் சோதனைக்கு அனுப்புவதற்கு முன் அங்கே என்ன நடக்கும் என்று விளக்குவது என் கடமை. சாட்சிக்கே கூண்டில் ஏறும் முன் சொல்லித்தானே அனுப்புகிறோம். எதிர்த்தரப்பு அறிக்கை வந்தால் விடைத்தாள்களை வாங்கிப் பார்ப்பதும் என் உரிமை, பார்க்காமல் எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது?

இன்னொன்று, நிலா மேடத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியது. வக்கீல், கட்சிக்காரர் இடையே உள்ள பேச்சுக்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் அப்படி ஒரு பாதுகாப்பு நம் சாட்சியச் சட்டத்தில் கிடையாது. கூண்டில் நின்று நீதிபதி கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். "ரகசியம்" என்று நோயாளிக்கு வாக்குக் கொடுக்கும்போது இதை மனதில் வைத்துக் கொடுங்கள்.

மேகலா_சிகாகோ

நான் இங்கே பதினொரு வருடமாக நரம்பு உளவியலாளர், வேலையில் மூன்றில் ஒரு பங்கு கோர்ட் வழக்குகள். சுந்தரம் சார் கேட்டது இங்கே தினமும் நடக்கும் சண்டை. "நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள், கண்ணாடியை எடுத்துப் போங்கள், மாத்திரையை வழக்கம்போலப் போடுங்கள், எல்லாவற்றையும் முழு முயற்சியோடு செய்யுங்கள்" என்று வக்கீல் சொன்னால் நான் நன்றி சொல்வேன். "நடுவில் ஈசியா ஒண்ணு வரும், அதை மட்டும் நல்லா செய்யுங்க" என்று சொல்லி அனுப்பினால் அது சோதனையையே கெடுக்கும் வேலை.

விடைத்தாள் பற்றி: எங்கள் ஒழுக்க விதிகள் இரண்டைப் பிரிக்கின்றன. அவர் சொன்ன பதில்கள், மதிப்பெண்கள், நான் எழுதிய குறிப்புகள் ஒரு வகை, அவர் அனுமதி கொடுத்தால் கொடுக்கலாம். சோதனைப் புத்தகம், கேள்விகள், படங்கள் இன்னொரு வகை, அவற்றைக் காப்பது என் கடமை. எதிர்த்தரப்பில் இன்னொரு உளவியலாளர் இருந்தால் அவருக்கு நேராக அனுப்பிவிடுவது எளிய வழி. அது முடியாவிட்டால் கோர்ட்டிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்போம். அங்கே சீல் வைத்த உறையில் தாக்கல் செய்ய அனுமதி கேட்கலாம் என்று நினைக்கிறேன், சுந்தரம் சார் சொல்ல வேண்டும்.

அப்புறம் எத்தனை பேர் இப்படித் தவறுகிறார்கள் என்பதைப் பற்றி. 2002இல் மிட்டன்பெர்க்கும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் இங்குள்ள நரம்பு உளவியலாளர்களிடமே கேட்டார்கள், முப்பத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட வழக்குகள். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் சுமார் 29 சதவீதம் பேரிடம் மிகைப்படுத்தலோ பாவனையோ இருக்கலாம் என்றார்கள். வழக்கே இல்லாத மருத்துவமனை நோயாளிகளிடம் 8 சதவீதம். இதை எதிர்த்தரப்பு வக்கீல்கள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஆனால் மீதி 71 சதவீதத்தையும் அதே எண்தான் சொல்கிறது, அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. என் அனுபவத்தில் முழுக்க நடிப்பவர் அபூர்வம். உண்மையான காயம் இருக்கும், அது கவனிக்கப்படாமல் போய்விடுமோ என்ற பயத்தில் இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொல்வார்கள், அந்த ஏற்றிச் சொன்னதுதான் உண்மையான பாகத்தையும் சேர்த்து அழித்துவிடும். மிகவும் வருத்தமான விஷயம் இது.

தம்பிக்காக

நான் படித்தவன் இல்லை, டெம்போ ஓட்டுகிறேன். இதையெல்லாம் படித்துக்கொண்டே இருந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தம்பிக்கு விபத்து நடந்து இரண்டரை வருடம். நெற்றியில் அடி. ஒன்பது நாள் நினைவில்லை. அவனை எதிர்த்தரப்பு ஒரு உளவியல் டாக்டரிடம் அனுப்பினார்கள், மூன்று மணி நேரம் சோதித்தார், எல்லாம் நார்மல், வேலைக்குப் போகலாம் என்று எழுதிவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவன் டீக்கடை வைத்திருந்தவன். இப்போது பாலை அடுப்பில் வைத்துவிட்டு ரோட்டுக்குப் போய் நின்றுவிடுகிறான், பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் வந்துகொண்டே இருக்கும், அவனுக்கு வாசனையும் தெரியாது, அடிபட்டதிலிருந்து மோப்பமே போய்விட்டது. ஐநூறு ரூபாய் கொடுத்தால் மீதியைச் சரியாக எண்ணித் தருவான், ஆனால் யாராவது "அண்ணே, நாளைக்குத் தரேன்" என்றால் சரி என்று விட்டுவிடுவான், யார் என்றும் கேட்க மாட்டான். பொசுக்கென்று கோபம் வந்து பெற்ற அம்மாவைத் தள்ளிவிட்டான், ஒரு நாளும் அப்படிச் செய்தவன் இல்லை. அந்த அறையில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டால் செய்வான் சார். வெளியே வந்தால் அவனால் ஒரு நாளை ஓட்ட முடியாது. இதை எந்த டெஸ்டில் பார்க்கிறீர்கள்?

நிலா_உளவியல்

அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்னது பாடப்புத்தகத்தில் படித்த நெற்றிமடல் (மூளையின் முன்பகுதி) காயத்தின் படம் அப்படியே இருக்கிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த உங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதைப் படித்துக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை.

ராஜாராம்_ஓய்வு

தம்பி, உங்கள் கேள்விக்கு நேரான பதில்: பல சமயம் எந்த டெஸ்டிலும் தெரியாது. சோதனை அறையில் நாங்களே அவருக்கு நெற்றிமடலாக இருந்துவிடுகிறோம். "இப்போ இதைச் செய்யுங்க, இப்போ நிறுத்துங்க, அடுத்து இது" என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்போம். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, எதை விடுவது என்று அவராக முடிவு செய்ய வேண்டிய இடமே அங்கே இல்லை, அவருக்குப் போனதோ அதுதான். அதனால் கூட வாழ்பவரிடம் தனியாக ஒரு மணி நேரமாவது பேசாமல் எழுதிய அறிக்கையை நான் அறிக்கையாகவே எடுத்துக்கொள்வதில்லை. முடிந்தால் கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும், ஒரு டீ போடச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மோப்பம் போனதை உங்கள் வக்கீலிடம் சொன்னீர்களா? நெற்றியில் பலத்த அடி விழுந்தால் மோப்ப நரம்பு அறுந்துபோவது உண்டு, அந்தக் காயம் மூளையின் முன்பகுதியின் அடிப்பாகம் அடிபட்டதற்கும் ஒரு தடயம். இ.என்.டி. டாக்டரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். ஒன்பது நாள் நினைவில்லாததும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று பாருங்கள், அங்கே மயக்க நிலைக்கு ஒரு மதிப்பெண் போட்டிருப்பார்கள், 15க்கு எத்தனை என்று. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். இந்த மூன்றையும் வைத்து மறுமதிப்பீடு கேட்டு மனு போடச் சொல்லுங்கள்.

நிலா, உங்கள் ஆளுக்கும் இதே வரிசைதான். முதலில் காயம் எவ்வளவு பெரியது, அப்புறம் மதிப்பெண்கள் அந்தக் காயத்தோடு பொருந்துகின்றனவா. லேசான அடி, ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் மதிப்பெண்ணோ முற்றிய மறதி நோய்க்காரரைவிட மோசம் என்றால் இடையில் வேறு ஏதோ இருக்கிறது. லேசான அடிக்குப் பெரும்பாலானவர்கள் மூன்று மாதத்துக்குள் தேறிவிடுவார்கள். தேறாதவர்களிடம் வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, கடன்காரர் தொல்லை எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். அதெல்லாம் உண்மையான துன்பம்தான், மூளைத்திசுவின் துன்பம் இல்லை, அவ்வளவே.

வக்கீல்_சுந்தரம்

தம்பிக்காக, தனிச்செய்தியில் ஊரை மட்டும் சொல்லுங்கள், அங்கே எனக்குத் தெரிந்த நண்பர்கள் இருக்கிறார்கள்.

மேகலா மேடம், சீல் வைத்த உறை கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதி விருப்பம். நான் எதிர்த்தேன் என்றால் காரணம் கேட்பார், நீங்கள் இங்கே சொன்னதையே சொல்லலாம். உண்மையில் இனிமேல் நானே எதிர்க்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

இளமதி

ஒரு சந்தேகம். நிலா அக்கா எடுத்த பேட்டரியின் நார்ம் (மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆரோக்கியமானவர்களின் அளவு) பெங்களூரில் எடுத்தது. நம் ஊரில் குறைவாகப் படித்த ஒருவரை அதோடு ஒப்பிடுவது சரியா? வகுப்பில் கேட்டேன், "வேற என்ன இருக்கு, அதைத்தான் போடணும்" என்றார்கள்.

மேகலா_சிகாகோ

இளமதி, இந்தக் கேள்வியை விடாதீர்கள். இங்கே இதே கேள்வி ஒரு பெரிய வழக்காக வெடித்தது.

அமெரிக்கக் கால்பந்து லீகில் ஆடி, தலையில் அடிமேல் அடி வாங்கிய முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடு கொடுக்க ஒரு சமரசம், பிலடெல்பியா கோர்ட்டில் 2015இல் ஒப்புதலானது. பணம் வேண்டுமென்றால் நரம்பு உளவியல் சோதனையில் திறன் இறங்கியிருப்பதைக் காட்ட வேண்டும். சோதித்தவர்கள் பலர் இனத்துக்கு ஏற்ப நார்மை மாற்றும் ஒரு முறையைப் பயன்படுத்தினார்கள். கறுப்பின வீரர் தொடக்கத்திலேயே குறைந்த திறனோடுதான் இருந்திருப்பார் என்று அந்த அட்டவணை எடுத்துக்கொள்ளும். விளைவு என்னவென்றால், ஒரே மதிப்பெண் வாங்கிய வெள்ளைக்கார வீரருக்குப் பணம் உண்டு, கறுப்பினத்தவருக்கு "உங்களிடம் இறக்கம் ஒன்றும் தெரியவில்லை" என்று பதில். 2020இல் இரண்டு முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 ஜூனில் லீக் அந்த முறையைக் கைவிடுவதாகச் சொன்னது, 2022இல் கோர்ட் புதிய ஏற்பாட்டை ஏற்றது.

வேதனை என்னவென்றால் அந்த நார்ம்கள் யாரையும் கெடுக்க உருவானவை அல்ல. மருத்துவமனையில் ஆரோக்கியமான கறுப்பினத்தவரை நோயாளி என்று தவறாக முத்திரை குத்திவிடக் கூடாது என்பதற்காக வந்தவை. வைத்தியத்துக்கு எழுதிய அட்டவணையைப் பணம் கொடுக்கும் இடத்துக்குத் தூக்கிப் போனதும் அதே அட்டவணை திசை மாறி வெட்டியது. எங்கள் துறையில் எத்தனையோ பேர், நான் உட்பட, கையேட்டில் இருக்கிறது என்பதற்காகவே கேள்வி கேட்காமல் அதைப் பயன்படுத்தினோம்.

நம் ஊரில் இனத்துக்குப் பதிலாகப் படிப்பு. படிக்காதவரைப் படிக்காதவரோடு ஒப்பிடுவது நியாயமாகத்தான் தெரியும், நிம்ஹான்ஸ் நார்மும் படிப்பின்படி பிரித்துத்தான் வைத்திருக்கிறது. ஆனால் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியும் வரைபடம் பார்த்துத் துல்லியமாக வேலை செய்யும் கைத்திறன்காரர் ஒருவரைக் "குறைந்த படிப்பு" வரிசையில் வைத்தால், அவர் இழந்தது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இப்போதைய மதிப்பெண் அந்த வரிசைக்குச் சராசரி, அவருக்கோ பாதாளம். அவர் முன்பு என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைத் தனியாகத் தேடி எழுத வேண்டும். நார்ம் எங்கே எடுத்தது, இவருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை அறிக்கையிலேயே ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள், குறுக்கு விசாரணையில் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இளமதி

நன்றி அக்கா. இன்னொன்று, தலைப்போடு சம்பந்தம் குறைவுதான். மூளை வரைபடச் சோதனை வைத்துக் குற்றவாளி என்று கண்டுபிடிப்பதும் தடயவியல் நரம்பு உளவியல்தானா? வீட்டில் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

ராஜாராம்_ஓய்வு

பெயரில் மூளை இருக்கிறது, அவ்வளவுதான் ஒற்றுமை. தலையில் மின்முனைகள் மாட்டி வாக்கியங்களைக் கேட்க வைத்து, "இது இவருடைய அனுபவ நினைவில் இருக்கிறது" என்று சொல்லும் முறை அது. 2008இல் புனேயில் ஒரு கொலை வழக்கில் அதையும் ஒரு ஆதாரமாக எடுத்துக்கொண்டு தண்டனை கொடுத்தார்கள். அதே வருடம் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு அந்த முறைக்கு அறிவியல் அடிப்படை போதாது என்றது. 2010 மே 5ஆம் தேதி செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போதை ஊசி விசாரணை, பொய் கண்டறியும் கருவி, இந்த மூளைச் சோதனை மூன்றையும் ஒருவர் விருப்பத்துக்கு மாறாகச் செய்யக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது.

சம்மதம் என்பதை நாமும் அங்கிருந்துதான் கற்க வேண்டும். நம் ஆட்கள் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் "சரிங்க டாக்டர்" என்பார்கள். சிறையிலிருந்து கொண்டுவருபவர்கள் இன்னும் அதிகம். அதனால் நான் சொல்லி முடித்ததும் திருப்பிக் கேட்பேன். "இப்போ நான் யாரு? எதுக்கு இந்த டெஸ்ட்? நீங்க சொல்றதை நான் யார்கிட்ட சொல்லுவேன்? வேண்டாம்னா என்ன ஆகும்?" தன் சொந்த வார்த்தையில் அவர் பதில் சொல்லாதவரை பென்சிலை எடுக்க மாட்டேன். ஒருமுறை ஒருவர், "நீங்க கவர்ன்மென்ட் டாக்டர், எனக்கு மருந்து குடுக்க வந்திருக்கீங்க" என்றார், மூன்று தடவை விளக்கிய பிறகும். அன்று சோதனை செய்யவில்லை. போலீஸ்காரருக்குக் கோபம், ஒரு நாள் வீண் என்றார். மறுநாள் மறுபடி வந்தார்கள்.

நிலா_உளவியல்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், கேட்டவர்களுக்காக.

ராஜாராம் சார் சொன்னபடி வக்கீலுக்குக் கடிதம் எழுதினேன். நான் சிகிச்சை கொடுப்பவள், நிபுணர் கருத்தும் சதவீதமும் என்னால் தர முடியாது, தீர்ப்பாயம் மூலம் மருத்துவக் குழுவுக்கு அனுப்பக் கேளுங்கள் என்று. எடுத்த சோதனைகளை மறைக்கவில்லை. அப்படி ஒன்று எடுத்தேன், முடிவுகள் நம்ப முடியாத நிலையில் இருக்கின்றன என்று அதிலேயே எழுதினேன். வக்கீல் கோபப்பட்டார். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அந்தச் சோதனையை எடுத்திருக்கவே கூடாது என்பதால்.

அவரிடமும் மனைவியிடமும் உட்கார்ந்து பேசினேன். சோதனையின் பெயர், விவரம் எதுவும் சொல்லவில்லை. "அன்னைக்கு வந்த ரிசல்ட் உங்க உண்மையான நிலையைக் காட்டல, அதை வெச்சு நான் எழுதினா உங்களுக்கே கெடுதல்" என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த அம்மா சொன்னார், முதல் நாள் ராத்திரி சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து "எதுவும் தெரியாத மாதிரி இருந்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை, ஆனால் கேட்டதைக் குறிப்பில் எழுதினேன், எழுதுகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டே எழுதினேன்.

சம்மன் வந்தது. போன வாரம் கூண்டில் ஏறினேன், கை நடுங்கியது. எங்கள் பக்க வக்கீல் கேட்டதற்கு வந்த தேதிகள், பயிற்சிகள், கடைக்கு அனுப்பிய கணக்கு எல்லாம் சொன்னேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் நேராகவே, "இவர் நடிக்கிறாரா இல்லையா, ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார். என் சோதனையை வைத்து அதற்கு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, அன்றைய மதிப்பெண்களை நம்ப முடியாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றேன். மறுபடி கேட்டார், மறுபடி அதையே சொன்னேன். வேறு என்ன தெரியும் என்று நீதிபதி கேட்டார். சொந்தக்காரர் சொன்னதையும் சொன்னேன். எங்கள் பக்க வக்கீல் தலையில் கை வைத்ததைப் பார்த்தேன். அதோடு, தலைக்காயம் ஏற்பட்ட நாளின் ஸ்கேனில் ரத்தக்கசிவு இருந்ததையும், அதை யாரும் நடிக்க முடியாது என்பதையும் சொன்னேன். நீதிபதி எழுதிக்கொண்டார், மருத்துவக் குழுவுக்கு அனுப்ப உத்தரவு போட்டிருக்கிறார். முடிவு என்ன ஆகும் என்று இப்போது சொல்வதற்கில்லை.

வெளியே வேப்ப மரத்தடியில் அவர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். அந்த அம்மா முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே பக்கத்தில் வந்து, "புதன்கிழமை வழக்கம்போல வரலாமா மேடம்" என்று கேட்டார்.

வரச் சொல்லியிருக்கிறேன். பத்தரை மணிக்கு.